வாரைக் கடித்தவன்

பாறசாலை

கிறிஸ்துவுக்குள் பிரியமான மகன் நிஜினுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் பெரிய கேடில்லாமல் இருக்கிறோம், அம்மாவின் முட்டுவலி மட்டும் மழை தொடங்கியதிலிருந்து கூடுதல். நீ ஹைதராபாத்தில் எப்படி இருக்கிறாய் என்பதை இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி எழுது. போனில் பேசியிருக்கலாம், ஆனால் உன் குரலைக் கேட்டால் எனக்கு நாக்கு எழும்பாது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

எருசலேம் முற்றுகைப் படத்தில் உனக்கும் ஒரு வேஷம் உண்டு என்று சொன்னாய் அல்லவா, என்ன வேஷம் என்று நீ சொல்லவில்லை, ரோமப் படைத்தலைவன் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். அதோடு விட்டேனா, ஸ்தோத்திரக் காணிக்கை வைத்து, கனகதாஸின் மகன் படைத்தலைவனாக நடித்ததற்காக என்று போதகர் வாயால் சபையில் வாசிக்க வைத்தேன். சபையார் வேன் பிடித்து நெய்யாற்றின்கரை தியேட்டருக்கு வந்தார்கள், அம்மா எல்லாருக்கும் முந்திரிக்கொத்து பொரித்துக் கொண்டுவந்தாள். பாதிப் படத்தில், பட்டணத்துக்குள்ளே மதிலோரம் ஒருத்தன் குந்தியிருந்து கேடயத்தின் தோல் வாரைக் கடித்துக்கொண்டிருந்தான், விலா எலும்பு தெரிய, கண் குழிவிழுந்து. அம்மா என் கையைப் பிடித்து, நம்ம பிள்ளையாக்கும் என்றாள். பின் சீட்டிலிருந்து பக்கத்து வீட்டு சானு, அண்ணே அது நம்ம நிஜின் அல்லியா என்று கேட்டான். நான், சே, அவன் இல்ல, எனக்க மகன் இனிதான் வருவான் என்று சொல்லிவிட்டேன். இயேசுவை அறியேன் என்று மறுதலித்த பேதுருவுக்குச் சேவல் கூவியது, எனக்கு இடைவேளை மணி அடித்தது. படம் முடிகிறவரை நீ படைத்தலைவனாக வரவில்லை. திரும்பும்போது அமரவிளை தாண்டியும் வேனில் ஒருத்தரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டுத் தொலைத்திருந்தால் கொள்ளாம், மனசு ஆறும் என்று இருந்தது.

மறு ஞாயிறு வாலிபர் கூட்டத்தில் படம் எப்படி என்று பேச, தனுவச்சபுரம் காலேஜில் சரித்திரம் படிப்பித்த ரெத்தினதாஸ் சாரை அழைத்திருந்தார்கள். மதில இடிக்கிய யந்திரமும், ரோமர் பட்டணத்தச் சுற்றிக் கட்டின சுவரும் சரியாத்தான் காட்டியிருக்கான், ஆனா முற்றுகைண்ணா உள்ள கெடக்கியவனுக்க பட்டினியாக்கும், இதுல எல்லாவனும் கல்யாணச் சோறு உண்டவன் மாதிரி கொழுகொழுண்ணு இருக்கான் என்றார். அந்த வாரைக் கடிச்சவனக் கண்டப்பதான் நான் கையில இருந்த கடலைய மடக்கி வச்சேன், அவன் ஆரோ தெரியாது, அவன் இல்லேண்ணா படம் வெறும் சத்தமும் புகையுமுள்ள வெடிக்கெட்டாக்கும் என்றும் சொன்னார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். எழும்பி நின்று, அவன் எனக்க மகன் என்று சொன்னால் போதும், என்னால் முடியவில்லை. வெட்கம் மக்கா, உன்னைக் குறித்து இல்லை, என்னைக் குறித்துத்தான்.

வீட்டுக்கு வந்து அம்மா ஒன்றுதான் கேட்டாள், அந்த எலும்பு மேக்கப்பாக்குமா, இல்ல எனக்க பிள்ளை தின்னாம கெடக்கானா என்று. நீ புறப்பட்ட அன்றைக்கு, பெரிய ஆளாகாமல் இந்த முற்றத்தை மிதிக்காதே என்று ஸ்டேஷனில் வைத்துச் சொன்னேன், தமாஷ் என்று நினைத்துத்தான் சொன்னேன், நீ கிறிஸ்மஸுக்கும் வரவில்லை. நேற்று சானுவிடம் உண்மையைச் சொன்னேன். எங்களுக்கு அண்ணைக்கே தெரியும் அண்ணே, நீங்களா சொல்லட்டும்ணு இருந்தோம் என்றான். எனக்கு நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வருகிற ஞாயிறு சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழும்பி, வாரைக் கடித்தவன் எனக்க மகன் என்று சொல்லப் போகிறேன். வேஷம் சின்னதோ பெரியதோ, எலே மக்கா, நீ வீட்டுக்கு வா, பகலில் ரோட்டு வழியாகவே நடந்து வா. வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உன் வயிறும் மனசும் நிறைய ஆசீர்வதிப்பாராக. அம்மா கேட்டதற்கு மட்டும் மறக்காமல் பதில் எழுது, அவளுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

இப்படிக்கு,
வாரைக் கடித்தவனின் அப்பா
கனகதாஸ்