அளவுச் சட்டை

ஏரிக்கரை முகாம்,
மார்ச் 3

அன்புள்ள என் தையல்காரருக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். இங்கே போன் எடுக்காது. வாரம் ஒரு தடவை வரும் வண்டியில்தான் கடிதமும் துணிமணியும் போக வேண்டும். சோம்பல்படாமல் எழுதுங்கள்.

இங்கே நாங்கள் ஆராய்ச்சி செய்யும் சலமாண்டர் என்றால் பல்லிதானே என்று கேட்டீர்கள். பல்லி இல்லை, வழுவழு தோலும் நீந்த வாலும் உள்ள, தவளைக்குச் சொந்தக்கார ஜாதி. முழங்கால் தண்ணீரில் இறங்கி வலையில் பிடிக்கிறோம், மூக்கிலிருந்து வாலடி வரை அளக்கிறோம், திரும்ப விட்டுவிடுகிறோம். நீங்கள் கடையில் செய்வதுதான், என்ன, இதுகள் கூலி தராது. இந்த ஏரியில் பெண்தான் பெரிது. பக்கத்தில் வைத்தால் ஆண் அதற்குத் தம்பி மாதிரி இருக்கிறது. நம் கல்யாணப் போட்டோ ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இங்கே கிளம்பும்போது நீங்கள் மடித்து வைத்த சட்டைகள் எல்லாம் மார்பில் இறுக்குகின்றன. ஒன்றை அனுப்பியிருக்கிறேன், பிரித்துத் தளர்த்திக் கொடுங்கள். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். சமையற்கார அக்காவுக்கு அதில் என்மேல் கோபம்.

உங்கள்,
பூசணி


தையல் கடை,
மார்ச் 10

அன்புள்ள பூசணிக்கு,

போட்டோவை நீ மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. போட்டோக்காரன் என்னைச் செங்கல்மேல் ஏற்றி நிறுத்தினான், உன் சித்தப்பா கைகொட்டிச் சிரித்தார். போன மாதம் துணிக்கடைக்காரர் உன்னைப் பார்த்துவிட்டு என்னிடம், "உங்க அக்காவா?" என்று கேட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்ய?

ராத்திரிச் சாப்பாட்டை விட்டது நல்லது. காலையிலும் குறைத்துக்கொள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சும்மாவா சொன்னார்கள். சட்டையைத் தளர்த்தி அனுப்பியிருக்கிறேன். இனித் தளர்த்த உள்ளே துணி இல்லை. வெளியே எவனிடமும் கொடுத்துத் தைக்காதே, உன் உடம்பை அறிந்த கை இது ஒன்றுதான்.

ஒன்று கேட்க வேண்டும். ஆண் பெரிதாக இருக்கிற ஜாதியே கிடையாதா?

உன்,
தையல்காரன்


ஏரிக்கரை முகாம்,
மார்ச் 17

அன்புள்ள உங்களுக்கு,

துணிக்கடைக்காரர் சொன்னதை மனசில் போட்டுக்கொண்டே இருக்காதீர்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

நீங்கள் கேட்ட ஜாதியும் உண்டு. பெண்ணுக்காக ஆண்கள் ஒன்றையொன்று கடித்துச் சண்டை போடும் இனங்களில் ஆண் பெரிதாக வளர்கிறது. ஆனால் பல இனங்களில் பெண்தான் பெரிது. காரணம் ரொம்பச் சின்னது: முட்டைக்கு வயிற்றில் இடம் வேண்டும். இரை கிடைக்காமல் வளர்ந்த பெண்ணுக்கு முட்டையும் குறைந்துபோகும். முகாம் பொறுப்பாளர் அம்மா இதைச் சொல்லிக்கொண்டே போனார், என்னால் அங்கே நிற்க முடியவில்லை. போன வருஷம் மூன்றாம் மாதத்தில் நம் பிள்ளை கலைந்தபோது, என்ன சாப்பிடுகிறாய் என்று டாக்டர் கேட்டார். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று பொய் சொன்னேன். சட்டை இறுக்குகிறதென்று அப்போதும் வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

நீங்கள் தளர்த்தி அனுப்பியது முன்னைவிட இறுக்குகிறது. அப்படியானால் இன்னும் ஊதிவிட்டேனா? நேற்று ஏரியில் தலை சுற்றி விழுந்தேன். நல்லவேளை, பக்கத்தில் ஆள் இருந்தது. அக்கா என்னைப் பிடித்து மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றிவிட்டார். போன வருஷத்தைவிட எட்டு கிலோ குறைந்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உங்களுக்குப் புரிந்தால் எழுதுங்கள்.

உங்கள்,
பூசணி


தையல் கடை,
மார்ச் 24

பூசணிக்கு,

உன்னைத் தராசில் ஏறச் சொன்னது யார்? மூட்டைத் தராசு என்ன சொல்லும்? இன்ச் டேப் பொய் சொல்லாது. அந்தச் சமையற்காரியிடம் வீட்டு விஷயம் பேசாதே. அவள் போடுவதைச் சாப்பிடாதே. டாக்டர் பேச்சு முடிந்துபோன பேச்சு, அதைக் கிளறாதே.

உனக்கு உடம்பு சரியில்லை, வேலையை விடுகிறாய் என்று உன் பொறுப்பாளருக்கு நானே எழுதிவிட்டேன். வரும் சனிக்கிழமை மதியம் அங்கே இருப்பேன். பெட்டியைக் கட்டி வை. உனக்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் நீ போட்டிருந்ததைத்தான் அளவுச் சட்டையாக வைத்திருக்கிறேன். இப்போது உனக்கு ஏறாது. பரவாயில்லை. வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நானே சாப்பாட்டைப் பார்த்துப் பார்த்துப் போடுகிறேன், நான் போடுவதை மட்டும் சாப்பிடு. ஏறுகிறவரை நீ எங்கேயும் போக வேண்டாம். நானும் கடையை மூடிவிட்டு வீட்டிலேயே இருக்கிறேன்.

முன்வாசலுக்குப் புதுப் பூட்டு வாங்கியாயிற்று.

உன்,
தையல்காரன்


ஏரிக்கரை முகாம்,
சனிக்கிழமை காலை

உங்களுக்கு,

வாசல் காவலரிடம் இதைக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் வந்ததும் தருவார்.

உங்கள் கடிதம் வந்த அன்று எல்லாச் சட்டைகளையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கட்டினவர் தைத்துத் தருகிறார், அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். பக்கத் தையலுக்கு உள்ளே பழைய ஊசி ஓட்டைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு சட்டையில் ஒரு வரிசை, இன்னொன்றில் மூன்று. தளர்த்தியதாக எழுதினீர்களே, அதில் நான்கு. ஒவ்வொரு தடவையும் பழைய தையலைப் பிரித்து, விரல் அகலம் உள்ளே பிடித்துச் சட்டையைச் சின்னதாக்கியிருக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் நான் ஒரு வேளையை விட்டேன். அக்கா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"இது தெரியாம நடந்த தையல் இல்லம்மா."

நான் உங்களைவிட உருவத்தில் பெரியவள் என்பது உங்களுக்கு உறுத்தியிருந்தால் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், இரண்டு நாளில் சரியாகியிருக்கும். போன வருஷம் என் சட்டையை நீங்கள் பிடித்துத் தைத்தபோது அதற்குள் நான் மட்டும் இல்லை. மூன்று மாதம் நம் பிள்ளையும் அதற்குள்தான் இருந்தது. அது உங்களுக்குத் தெரியும். முதலில் உங்களிடம்தானே சொன்னேன்.

பொறுப்பாளர் அம்மாவிடம் உங்கள் இரண்டு கடிதங்களையும் காட்டிவிட்டேன். நான் வேலையை விடவில்லை. என்னை வேறொரு முகாமுக்கு அனுப்புகிறார்கள். எங்கே என்று இங்கே யாரும் சொல்லமாட்டார்கள், காவலரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். ஜீப் வந்துவிட்டது. அக்காவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறேன், தோளில் சரிந்து சரிந்து விழுகிறது. உங்கள் சட்டைகளைக் கட்டி வைத்திருக்கிறேன், எடுத்துக்கொண்டு போங்கள்.