அய்யாவுவின் தலையில் விழுந்த கிளையும் நான் மறைத்த சாட்சியும்

அனுப்புநர்:
சபாபதிப் பண்டாரம், வயது 68,
மாரியம்மன் கோயில் பூசகர்,
பதினோராம் கட்டை ரப்பர்த் தோட்டம்,
ஸ்கூடாய் சாலை, ஜொகூர்.

பெறுநர்:
உயர்திரு அரசாங்கச் செயலாளர் துரை அவர்கள்,
ஜொகூர் பாரு.

பொருள்: கொலைக் குற்றத்துக்காக வரும் சனிக்கிழமை விடியற்காலை தூக்கிலிடப்பட இருக்கும் வெள்ளையன் மகன் அய்யாவு என்பவனின் விசாரணையில் உண்மையை மறைத்த சாட்சியின் மேல் புகார். அச்சாட்சி அடியேனே.

பெருமதிப்பிற்குரிய துரை அவர்களின் சமூகத்துக்கு அடியேன் பணிந்து தெரிவித்துக்கொள்வது:

1. சென்ற மாதம் நான் அனுப்பிய முதல் மனு, புதிய காரணம் ஏதும் காட்டப்படவில்லை என்னும் பதிலுடன் திரும்பி வந்தது. அந்தப் பதிலில் குறையொன்றும் இல்லை. அம்மனுவில் இரக்கத்தைப் பற்றி மூன்று பக்கங்கள் எழுதியிருந்தேன்; நடந்ததைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. இப்போது நடந்ததை எழுதுகிறேன். நாளை வெள்ளிக்கிழமை தங்கள் அலுவலகத்துக்கு ஓய்வு நாள். இன்று மாலைக்குள் தாங்கள் இதைப் பார்க்காவிடில் பிறகு பார்த்துப் பயனில்லை என்பதை அறிந்தே, நானே கையில் கொண்டு வருகிறேன்.

2. அய்யாவுக்கு வயது முப்பத்து நான்கு. பன்னிரண்டு வயதில் தாயுடன் கப்பலேறி வந்து, அன்று முதல் இத்தோட்டத்தில் பட்டையைக் கீறிப் பால்மரம் வெட்டியவன். பால் நிறைந்த கிண்ணத்தில் எறும்பு விழுந்து கிடந்தால், ஈர்க்குச்சியால் எடுத்து இலைமேல் விட்டுவிட்டுத்தான் பாலை வாளியில் ஊற்றுவான். அதனாலேயே பால் நிறுக்கும் இடத்துக்குக் கடைசி ஆளாக வந்து கங்காணியிடம் ஏச்சு வாங்குவான். அவன் தகப்பன் வெள்ளையன் ஊரில் மாடு திருடிச் சிறை சென்றவன் என்பது உண்மை. ஐந்து வயதுக்குப் பிறகு அய்யாவு தகப்பனைப் பார்த்ததில்லை என்பதும் உண்மை. இவ்விரண்டில் முன்னது மட்டுமே விசாரணையில் பேசப்பட்டது.

3. மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆடித் திருவிழாவுக்காகக் கோயிலில் காப்புக் கட்டினோம். தீச்சட்டி எடுப்பவர்களின் மணிக்கட்டில் மஞ்சள் நூலைக் கட்டுபவன் நான். அவ்வாண்டு அய்யாவுக்கும் கட்டினேன். கட்டிக்கொண்டவர், எட்டாம் நாள் நான் அதை அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது என்பது வழக்கம். எல்லை என்பது சாலையோரத்துச் சிறு பாலம். அதனடியில் எலுமிச்சம்பழமும் வேப்பிலையும் புதைத்திருப்போம். முன்னொரு ஆண்டு ஒருவன் தாண்டிப் போய்வந்தான். அந்த மாதமே நான்கு குழந்தைகள் அம்மை கண்டு இறந்தார்கள். அதற்குப் பின் அப்பாலத்தின் மேல் எங்கள் மக்களுக்குள்ள அச்சத்தை இன்னதென்று எழுத இயலாது.

4. காப்புக் கட்டிய மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. விடியுமுன் சுமத்ராக் காற்று என்னும் சூறைக்காற்று வீசியது. அய்யாவு மரத்தடியில் குனிந்து வெட்டிக்கொண்டிருக்கையில் முறிந்த கிளையொன்று அவன் இடப்புருவத்துக்கு மேல் விழுந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரஸர் மரியநாதன் காயத்தைக் கழுவிக் கட்டினார். எலும்பு கட்டைவிரல் பதியும் அளவுக்கு உள்ளே போயிருக்கிறது, உடனே ஜொகூர் பாருவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். லாரி வந்தது. பாலம்வரை போயிற்று. பாலத்தின் குறுக்கே நான் நின்றேன்.

5. அவன் மனைவி ராஜம்மா லாரியிலிருந்து இறங்கி என் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அவள் பேச்சிலேயே எழுத அனுமதி வேண்டுகிறேன்: “சாமி, கட்டுனது நீங்கதானே, நீங்களே அவுத்து விட்டுருங்க. தப்புன்னா அந்தத் தப்பு எம் மேல வரட்டும்.” அதற்கு நான், “எட்டாம் நாள் அவுப்பேன், ஆத்தா பாத்துக்குவா” என்றேன். டிரஸர் கிறிஸ்து வேதக்காரராகையால் அவர் வாதத்துக்கு நான் செவி கொடுக்கவில்லை. லாரி திரும்பிற்று. அந்த மஞ்சள் நூலை அறுக்க என் விரல்நகம் போதும். கொண்டுபோயிருந்தால் பிழைத்துத் தெளிந்திருப்பான் என்று சொல்ல நான் வைத்தியம் கற்றவன் அல்லன். கொண்டுபோக விடவில்லை என்பதை மட்டும் சொல்லக் கடமைப்பட்டவன்.

6. எட்டாம் நாள் அவன் எழுந்து நடந்தான். அம்மன் காத்தாள் என்று நானே எல்லார்க்கும் சொன்னேன். ஆனால் எழுந்தவன் வேறொருவன். கற்பூரம் முகத்தருகே எரிந்தாலும் அவனுக்கு மணம் தெரியவில்லை. ஊசிப்போன சோற்றை வேற்றுமை அறியாமல் உண்டான். சாவு வீட்டில் சிரித்தான். திடீரென்று சட்டிபானைகளை உடைப்பான். சற்று நேரத்தில் யார் உடைத்தது என்று கேட்பான். மரம் வெட்டுகிற கை மட்டும் மாறவில்லை. பட்டையில் ஒரு காயமின்றி நாளொன்றுக்கு முன்னூறு மரம் வெட்டினான். ஆகவே தோட்டத்தில் ஒருவரும் அவனை நோயாளி என்று எண்ணவில்லை.

7. கொலையுண்ட செல்லப்பன் அவனுடைய உற்ற தோழன். பதினைந்து ஆண்டுகளாக ஒருவரையொருவர் கேலி செய்தே பழகியவர்கள். சென்ற தை மாதம், காலைப் பெயர் கூப்பிடும் இடத்தில், செல்லப்பன் கருவாட்டை அவன் மூக்கருகே காட்டி, “என்னடா மாப்பிள, மூக்க ஆத்தாளுக்குக் காணிக்கை போட்டுட்டு வந்துட்டியா?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அய்யாவும் சிரித்தான். சிரித்துக்கொண்டே பால்வெட்டும் கத்தியால் செல்லப்பனின் கழுத்தில் வெட்டினான். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு தன் மரங்களுக்குப் போனான். காவலர் வரும்வரை, அதே கத்தியால் அறுபத்திரண்டு மரங்களை ஒழுங்காக வெட்டி முடித்திருந்தான். விலங்கு பூட்டியபோது அவன் கேட்டது, “செல்லப்பனக் கூப்புடுங்க, கஞ்சி ஆறுது” என்பது.

8. விசாரணையில், அரசுத் தரப்பில் அழைக்கப்பட்டு வந்த டாக்டர் துரை அய்யாவுவின் தாடையையும் காதையும் புருவத்தையும் அளந்து சொன்னார். அவனுடைய நாடி மெதுவாக ஓடுகிறது, ஊசியால் குத்தினால் முகம் சுளிக்கவில்லை, செய்ததற்காகக் கண்ணீர் வரவில்லை; தகப்பனும் குற்றவாளி; ஆகவே இது குருதியில் வந்த குணம், பிறவிக் குற்றவாளிகளின் அமைப்பு இது என்றார். புருவத்துக்கு மேலுள்ள வடுவை, இவ்வகையினர் சண்டையில் பெறுவது என்றார். அவர் கற்றதை அவர் சொன்னார். அவர்மேல் எனக்குப் புகார் இல்லை. ராஜம்மா எழுந்து கிளை விழுந்ததைச் சொன்னாள். மனைவி அப்படித்தான் சொல்வாள் என்று அரசுத் தரப்பு வக்கீல் சொல்லி, தோட்டத்துப் பெரியவர் என்ற முறையில் என்னைக் கேட்டார்.

9. கடவுளறிய உண்மை சொல்வேன் என்று உறுதிசொல்லி ஏறிய கூண்டில் நின்று, அது சிறு கீறல், எட்டு நாளில் ஆறிற்று என்றேன். அவன் குணம் மாறிற்றா என்றார். மாறவில்லை, அவரவர் குணம் முற்பிறவியின் வினையால் அமைவது, இவன் கொண்டுவந்தது இதுவே என்றேன். காப்பு வழக்கம் வெளிப்பட்டால் தோட்டத்துரை திருவிழாவை நிறுத்திவிடுவார் என்று கோயிலுக்காக அஞ்சியதாக அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். அஞ்சியது என் பெயருக்காக. பாலத்தில் நின்றவன் யார் என்று அடுத்த கேள்வி வரும் என்பது எனக்குத் தெரியும். இவர்களுடைய பெரியவரே தம் வேதத்தைக் கொண்டு டாக்டர் சொன்னதையே சொல்கிறார் என்று வக்கீல் முடித்தார்.

10. நாற்பது ஆண்டுகளாகக் கோயிலில் சாத்திரங்களையும் பழம்பாடல்களையும் விரித்துரைத்தவன் நான். வினையை அறிந்துகொள்வது பிறர்பால் இரங்குவதற்காகவே என்றுதான் அவை எனக்குக் கற்பித்தன. நான் அதை ஒளிந்துகொள்ளும் இடமாக்கினேன். மனிதனுடைய குணம் இருப்பது உயிரிலா, குருதியிலா, நெற்றியெலும்புக்குப் பின்னாலா என்று நான் இன்று அறியேன். டாக்டர் துரை தகப்பன் குருதி என்றார். நான் முற்பிறவி என்றேன். அவன் பிறக்குமுன்பே முடிந்துபோன காரியம் என்பதில் இருவரும் ஒன்றுபட்டோம். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் நடந்ததைச் சொல்ல அந்த நீதிமன்றத்தில் ராஜம்மா ஒருத்திதான் இருந்தாள். அவளைப் பொய்யாக்கியவன் நான்.

11. டிரஸர் மரியநாதன் விசாரணைக்கு முன்பே மாசாய் ஊரிலுள்ள தோட்டமொன்றுக்கு மாற்றலாகிவிட்டார். அவரை யாரும் அழைக்கவில்லை. சென்ற ஞாயிறு அவரைத் தேடிச் சென்று கடிதம் வாங்கினேன், இத்துடன் வைத்திருக்கிறேன். அக்காலத்துப் பதிவுப் புத்தகம் கரையான் அரித்துப் போயிற்றாம். ஆகவே அவர் நினைவே சான்று. ஒரு டிரஸரின் நினைவு ஒரு டாக்டரின் அளவைக்கு ஈடாகாது என்று சொல்லப்படலாம்.

12. செல்லப்பனின் தாய் காளியம்மாவிடம் இம்மனுவில் கைநாட்டு வைக்கக் கேட்டேன். மறுத்துவிட்டாள். “ஒங்க மனு எம் மவனத் திருப்பித் தருமா சாமி?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் மறுத்ததையும் தங்களிடம் மறைக்கக்கூடாது என்பதனால் எழுதுகிறேன்.

ஆகவே பணிந்து வேண்டுவது யாதெனில்:

தண்டனையைச் சில நாள்கள் நிறுத்தி, தம்போய் என்னும் ஊரில் அண்மையில் திறந்துள்ள மனநோயாளர் ஆஸ்பத்திரிக்கு அவனை அனுப்பிச் சோதிக்க வேண்டும். இது கிட்டும் என்று நம்பி எழுதவில்லை. கேளாமல் விட்டேன் என்ற குறை இன்னொன்று வேண்டாம் என்று எழுதுகிறேன்.

பொய்ச்சாட்சி சொன்னதற்காக என்மேல் வழக்குத் தொடர வேண்டும். இதை மறுக்கத் தங்களுக்குக் காரணமில்லை.

முதல் வேண்டுகோள் மறுக்கப்பட்டால், சனிக்கிழமை எல்லாம் முடிந்தபின், சிறை டாக்டர் தம் கட்டைவிரலை அவன் இடப்புருவத்துக்கு மேல் ஒருமுறை வைத்துப் பார்த்து, எலும்பு உள்ளே போயிருக்கிறதா இல்லையா என்பதை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டும். இல்லை என்று இருந்தாலும் அப்படியே எழுதட்டும்.

அத்தாள் எதற்கென்று தாங்கள் கேட்கலாம். அவனுக்குச் செல்வராணி என்று ஏழு வயதுப் பெண்குழந்தை உண்டு. டாக்டர் துரை சொன்னது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, கேட்டவர்கள் வாயிலாக தொழிலாளர் லயத்து வீடுகளெங்கும் பரவிவிட்டது. குத்தினால் சுளிக்காத குருதி என்று பேசிக்கொள்கிறார்கள். பிள்ளைகள், பெரியவர்கள் சிலரும், அக்குழந்தையைக் கிள்ளிப் பார்க்கிறார்கள். யார் கிள்ளினாலும் உடனே அழுதுவிடு என்று ராஜம்மா அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். நேற்று அக்குழந்தை கோயில் வாசலில் நின்றாள். திருநீறு இட நான் கையை நீட்டினேன். விரல் நெற்றியில் படுமுன்பே அவள் அழத் தொடங்கினாள்.

தங்கள் அலுவலகத்து வாயிலில் மாலைவரை காத்திருப்பேன். பதில் இல்லையென்றாலும், இல்லை என்ற செய்தியைச் சொல்லியனுப்பும்படி மன்றாடுகிறேன். இன்று ராஜம்மாவிடம் அதை எடுத்துச் செல்ல வேண்டியவனும் நான்தான்.

இடம்: பதினோராம் கட்டை, ஸ்கூடாய் சாலை
நாள்: 16-6-1938, வியாழன்

இங்ஙனம்,
தங்கள் தண்டனைக்குக் கட்டுப்பட்ட,
சபாபதிப் பண்டாரம்

இணைப்பு: டிரஸர் மரியநாதன் கடிதம், ஒன்று.