கத்தி உன் கைக்கு வந்த கதை

பாய்,

இன்று சாயங்காலம் நம் நாடக மன்றத்துப் பக்கம் போனேன். வாசலிலேயே அரிதார வாசனை அடித்தது. உள்ளே ஒத்திகை. புதிதாக வந்திருக்கும் செயலாளர், கல்மண்டபத்து இளைஞர், ஓடிவந்து என்னை உட்காரவைத்து நாடகத்தைக் கையில் கொடுத்தார். "நீங்கதான் சார் பாத்துத் திருத்தணும்" என்றார். ஒன்றாக இருந்த பாரதம் இரண்டாகப் போன கதையாம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். பாதிகூடப் போகவில்லை, அவன் வந்துவிட்டான். தாடி, குல்லா, கையில் கத்தி. மாதாவை இரண்டாக வெட்டுகிறவன்.

நீ மண்ணுக்குள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லி ஆற்றிக்கொள்வேன்?

யுத்த காலத்தில் நாம் போட்ட நாடகங்கள் உனக்கு மறந்திருக்காது. நோட்டீசில் பாரத மாதா என்று போட முடியாது, 'அம்மையார்' என்று போடுவோம். நான் வசனம் எழுதி ஆர்மோனியம் வாசிப்பேன். நீ புடவை கட்டி, கையில் விலங்கோடு வந்து நிற்பாய். அம்மையார் யார் என்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்த போலீஸ்காரருக்கும் தெரியும். அவரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார். யானைக்கவுனி வேஷக் கடையில் கொடுத்த தகரச் சங்கிலி உனக்குப் பிடிக்கவில்லை. "இது டப்பா சங்கிலி வாத்யாரே, ஆட்டுனா சிரிப்புதான் வரும்" என்று சொல்லி, ஹார்பரில் நீ சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டும் இடத்திலிருந்து நிஜச் சங்கிலி கேட்டு வாங்கி வந்தாய். நாடகம் முடிந்தால் உன் மணிக்கட்டு இரண்டும் கன்றிப்போயிருக்கும்.

ஒவ்வொரு நாடகத்துக்கும் தாடி மீசையை மழித்துவிட்டு வருவாய். தொழுகைக்குப் போன இடத்தில் கிண்டல் செய்தார்கள் என்பாய். "மாதாவுக்கு மீச இருந்தா ஜனங்க ஒத்துக்குமா, நீயே சொல்லு" என்று என்னிடம் சண்டைக்கு வருவாய், நான்தான் கிண்டல் செய்தேன் என்பதுபோல. உனக்குப் புடவை கொடுத்துக் கொசுவம் வைத்துவிட்ட காசிமேட்டு மீன்கார அக்கா, நடுத்தெருவில் கூடையோடு உன்னைப் பார்த்தாலும், "இன்னாம்மா, வஞ்சிரம் கீது, வாணாமா?" என்றுதான் கேட்பாள். லுங்கியும் பீடியுமாக நிற்கிற உன்னைப் பார்த்து 'அம்மா' என்பது அவளுக்கு வேடிக்கையாகவே தோன்றியதில்லை. எங்கள் யாருக்குமே தோன்றியதில்லை.

சுதந்திரம் வந்த மறு வருஷம்தான் எல்லாம் கெட்டது. ஒன்றாயிருந்த தேசம் போய்விட்டது, அந்தக் கதையை எப்படி மேடையில் காட்டுவது என்று கூட்டம் போட்டோம். பிரிவினையை விட்டுவிடலாம், கொடியேற்றுவதோடு முடித்துக்கொள்ளலாம், நல்ல நாளில் அழுகை எதற்கு என்றார்கள் சிலர். தேசம் எப்படி ஒன்றாக இருந்தது என்பதை முதலில் காட்ட வேண்டும் என்றாய் நீ. கராச்சிக்குச் சரக்கு ஏற்றியதையும், அந்தத் துறைமுகத்து ஆட்கள் இங்கே வந்தால் நம்மோடு கூழ் குடித்ததையும் சொன்னாய். போனது என்னவென்று தெரிந்தால்தானே ஜனங்கள் அழுவார்கள் என்றாய். நான் அப்படியேதான் எழுதியிருந்தேன்.

மர டிப்போ வைத்திருந்த நம் தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. யாரால் போனது என்று காட்டினால்தான் நாடகம் சூடு பிடிக்கும் என்றார். மாதாவை வெட்டுகிற ஒருவன் வேண்டும், அது கனமான வேஷம், கனமான வேஷத்தைக் கெட்டிக்கார நடிகனுக்குத்தான் கொடுக்க வேண்டும், அதனால் பாய்க்கு என்றார். அதைக் கௌரவம் என்று நினைத்துக்கொண்டு சொன்னார், அதுதான் கொடுமை! "இந்தத் தடவ மழிக்காதீங்க பாய். ஒட்டுத் தாடிக்கு யானைக்கவுனிக்கு அலைய வேணாம் பாருங்க" என்று சிரித்தார். இரண்டு மூன்று பேர் கூடச் சிரித்தார்கள். மாதா வேஷம் அவர் தம்பிக்காம்.

நான் எழுந்து கத்தினேன். "பாய் நம்மாளு, தப்பா எடுத்துக்க மாட்டாரு, நீ எதுக்குக் குதிக்கிற?" என்றார் தலைவர்.

நீ கத்தவில்லை. பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டுக் கேட்டாய்: "நடுவுல கோடு கீச்ச வெள்ளக்காரன் அப்பவே சீமைக்குப் பூட்டான். கையெழுத்துப் போட்டவங்கல்லாம் அவுங்கவுங்க வூட்ல கீறாங்க. கத்தி மட்டும் என் கைக்கு எப்டிங்க வந்துச்சி?"

தலைவர் நோட்டைப் புரட்டி அடுத்த வேஷத்துக்குப் போய்விட்டார்.

நான் எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவர்கள் வேறு யாரையோ வைத்து எழுதி, ஒட்டுத் தாடி வாங்கி, நாடகத்தை நடத்தியே விட்டார்கள். நாம் இரண்டு பேரும் கூட்டத்தோடு நின்று பார்த்தோம். தலைவர் தம்பி புடவைக் கட்டோடு தடுக்கித் தடுக்கி வந்ததும் முன்வரிசையிலிருந்து அக்காவின் குரல் எழுந்தது. "இன்னாடா இது? எங்கம்மா எங்கடா?" மீன்காரிகள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். அக்கா உன்னைக் கண்டுபிடித்து, கையைப் பிடித்து மேடைப் பக்கம் இழுத்தாள். "ஏறும்மா மேல."

"வாணாக்கா," என்றாய் நீ. "நான் அம்மா இல்லியாம். முடிவு பண்ணிட்டாங்க."

அந்தக் குரல் கேட்ட புண் எனக்கு இன்னும் ஆறவில்லை. அடுத்த வருஷம் தலைவரே உன் வீடு தேடி வந்து மாதா வேஷத்துக்குக் கூப்பிட்டார். அதற்குள் உன் தாடி மார்புவரை வளர்ந்திருந்தது. சாகிற வரை நீ அதில் கத்தி வைக்கவில்லை.

இன்று இதையெல்லாம் அந்தச் செயலாளரிடம் சொல்ல முடியவில்லை. வெட்டுகிறவனை எடுத்துவிடு என்று மட்டும் சொன்னேன். "அப்போ நாடு தானா ரெண்டாச்சா சார்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். "கையெழுத்துப் போட்ட எல்லாரையும் மேடையேத்து. கோட்டுப் போட்ட வெள்ளைக்காரன், குல்லாக்காரன், கதர்க்காரன், எல்லாரும் வரட்டும். இடம் பத்தலேன்னா மேடையைப் பெருசாக் கட்டு" என்றேன். தலையை ஆட்டினார். செய்ய மாட்டார், தெரியும்.

பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, "முன்னெல்லாம் மாதா வேஷத்துக்கு ராயபுரமே அழுமாமே, யார் சார் கட்டினது?" என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன்.

அவர் சிரித்தார், பாய். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நிஜமாகவே நம்பி, வாய்விட்டுச் சிரித்தார். உள்ளே திரும்பி மற்றவர்களையும் கூப்பிட்டு, "கேட்டீங்களா, சார் ஜோக்கு!" என்றார். அவர்களும் சிரித்தார்கள். தலைவர் சிரித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இன்று பயமாக இருந்தது.

நான் எழுந்திருக்கவில்லை. அவர்கள் சிரித்து முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு உன் பெயரை மறுபடி சொன்னேன். உன் தகப்பனார் பெயரையும் நீ இருந்த தெருவையும் சேர்த்துச் சொன்னேன். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லாமல் போகும்வரை சொன்னேன். நாளைக்கும் போவேன்.