ஏரி தெரியும் அறை

9 ஏப்ரல் 2025, புதன். முசஃபா, அபுதாபி.

சீனா விசா வந்துவிட்டது. கம்பெனி புதிதாக வாங்கும் ஏசி சில்லர் மிஷின்களுக்கு ஃபேக்டரியிலேயே எட்டு நாள் ட்ரெயினிங். போவது இரண்டே பேர். நானும் சம்யுக்தா மேடமும். மேடம் என்ஜினியர், இருபத்தெட்டு வயது, அபுதாபியிலேயே பிறந்து வளர்ந்தவர். பதவியில் எனக்கு மேலே. ஆனாலும் என்னை உடையப்பன் அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

ஓட்டல் படத்தை போனில் காட்டினார். ஏரிக்கரை. ஜன்னல் நிறையத் தண்ணீர், தூரத்தில் மலை. சல்லிசான ஓட்டல், ஆனால் வியூ சூப்பர் என்றார். எத்தனையாவது மாடி என்று கேட்டேன். உயரமாக இருந்தால்தானே அண்ணா ஏரி தெரியும் என்று சிரித்தார்.

சாயங்காலம் விஜி போன் செய்தது. லேபர் கேம்ப்பில் என் அறையிலேயே இருந்த கல்யாணசுந்தரத்தின் மனைவி. அவன் போய் ஏழு மாதம். மாதம் ஒரு தடவை கூப்பிடும், பாப்பா படிப்பைப் பற்றிச் சொல்லும், கடைசியில் அதே கேள்விக்கு வரும். "தூக்கத்துலயே போயிட்டாருன்னு சொன்னீங்களேண்ணே. அப்ப ஏன் நகமெல்லாம் பேந்து கெடந்துச்சு?"

நானும் அதே பதில்தான். பெட்டியில் வைத்து அனுப்பும்போது பட்டிருக்கும்.

ம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

13 ஏப்ரல், ஞாயிறு. சீனா.

ஏர்போர்ட்டில் இறங்கி, ரயில், அப்புறம் ஃபேக்டரி வேன். மத்தியானம் ஓட்டலுக்கு வந்தோம்.

எனக்கு ஆறாவது மாடி. மேடத்துக்கு எட்டு. அறையில் ஈரக் கார்ப்பெட் வாசனை. குளிக்கும் இடத்துக்கும் கட்டிலுக்கும் நடுவே கண்ணாடிச் சுவர், யார் எந்தப் புத்தியில் கட்டினானோ. மெத்தை பலகை மாதிரி. திரையை இழுத்தேன். எதிர்க்கட்டடத்தின் சுவர். அதில் வரிசையாக ஏசி அவுட்டோர் யூனிட்கள், எல்லாம் சொட்டிக்கொண்டு. இதைப் பார்க்கவா இத்தனை தூரம் வந்தேன். முசஃபாவில் தினம் பார்ப்பதுதானே.

மேடத்துக்குக் கோபம். ரிசப்ஷனில் போனில் மொழிபெயர்த்துக் காட்டிச் சண்டை போட்டார். புக்கிங்கில் ஏரி தெரியும் என்று போட்டிருக்கிறது, எங்கே ஏரி? ரிசப்ஷன் பெண் வாசலுக்கு வந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் கை காட்டினாள். நீல நிறத் தகர வேலி. அதற்குப் பின்னால் இருக்கிறதாம்.

அறையில் பையை வைத்ததும் நான் தேடிப் போனது ஏரியை அல்ல. படிக்கட்டை. வராந்தாக் கடைசியில் இருக்கிறது. கதவின் இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து ஒரு சைக்கிள் பூட்டு.

லிஃப்ட் மட்டும்தான்.

14 ஏப்ரல், திங்கள்.

சித்திரை ஒண்ணு. காலையில் ஓட்டலில் அரிசிக் கஞ்சி வைத்திருந்தார்கள், அவித்த முட்டையும். வருஷப் பிறப்புக்கு வடை பாயசம் எதிர்பார்க்க முடியுமா. கஞ்சி நன்றாகத்தான் இருந்தது.

தூக்கம் இல்லை. பூட்டைப் பற்றி ரிசப்ஷனில் கேட்டேன். போனில் எழுதிக் காட்டினாள்: "விருந்தினர் பாதுகாப்புக்காக." கீழ்மாடியில் அறை உண்டா என்றேன். இல்லை.

மேடத்திடம் எதுவும் சொல்லவில்லை. கேம்ப்பில் தீ பிடித்த கதை கம்பெனி முழுக்கத் தெரியும். நான் அதில் தப்பியவன் என்று அவருக்கும் தெரியும். என் இடது முழங்கைத் தழும்பைப் பார்க்காத மாதிரி பார்ப்பார்.

15 ஏப்ரல், செவ்வாய்.

ட்ரெயினிங் முடிந்து வேலியில் ஓர் இடைவெளி வழியாக ஏரியைப் பார்த்தோம். தண்ணீரே இல்லை. தூர் வாருவதற்காக வடித்துவிட்டார்களாம். கண்ணுக்கெட்டிய தூரம் கறுத்த சேறு. இரண்டு படகுகள் சாய்ந்து கிடந்தன. மேடம் ஒரு படம் எடுத்து, ஓட்டல்காரன் போட்ட படத்துக்குப் பக்கத்தில் வைத்து ரிவ்யூ எழுதப் போவதாகச் சொன்னார். நானும் சிரித்தேன்.

சேற்றில் யாரோ நடந்து போன கால் தடம். போன தடம் மட்டும். திரும்பி வந்த தடம் தெரியவில்லை. அந்தக் கரையில் ஏறியிருப்பான். ஏறியிருப்பான்தானே? அறைக்கு வந்தும் இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

16 ஏப்ரல், புதன்.

விரலில் கட்டு. மெதுவாக எழுதுகிறேன்.

ஃபேக்டரியில் கரண்ட் வேலை, மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். ஒரு மணி இருக்கும். அறையில் இருந்தேன். மணி அடித்தது. நீளமாக, நிற்காமல். வெளியே வந்தால் பொசுங்கல் வாசனை. லிஃப்ட் நின்றுவிட்டது. பட்டனை அழுத்துகிறேன், விளக்கே எரியவில்லை.

அப்புறம் நடந்தது எனக்கு முழுதாகத் தெரியாது. படிக்கட்டுக் கதவின் முன்னால் இருந்தேன். அவ்வளவுதான் தெரியும்.

கதவிடுக்கில் அந்தப் பக்கமிருந்து ஒரு கை நுழைந்து பூட்டைத் திறந்தது. அறை கூட்டும் அம்மா ஒருத்தி, ஐம்பது வயது இருக்கும், இடுப்பில் சாவிக்கொத்து. அவளுக்குப் பின்னால், கீழே ரிசப்ஷனில் இருந்த மேடம், படியேறி வந்த மூச்சிரைப்போடு. தீயெல்லாம் இல்லை. கீழே துணி காயவைக்கும் மிஷினில் பஞ்சு கருகியிருக்கிறது. இவ்வளவுதான்.

அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள். தன் வாளியில் நல்ல தண்ணீர் பிடித்து வந்து என் விரல்களைக் கழுவினாள். ஏதேதோ சொல்லிக்கொண்டே இருந்தாள், ஒரு வார்த்தை புரியவில்லை. வலது கையில் இரண்டு நகம் பாதி பிய்ந்து தொங்கியது. இடது கையில் ஒன்று. வலிக்கவே இல்லை.

நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணம், இதுதானாடா.

அதே நாள், சாயங்காலம்.

மேடம் டீ வாங்கி வந்தார். வேலிக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் திட்டில் உட்கார்ந்தோம். அப்புறம் கேட்டார். "அண்ணா, நாங்க படியேறி வர்றப்ப கத்திட்டே இருந்தீங்க. மேல வராத, மேல வராதன்னு. யார வர வேணாம்னு சொன்னீங்க?"

நான் அப்படிக் கத்தினேனா? எனக்குத் தெரியவே தெரியாது.

அது என் வார்த்தை இல்லை என்றேன். பிறகு சொன்னேன். ஏழு மாதமாக யாரிடமும் சொல்லாததை, கம்பெனி விசாரணையில்கூடச் சொல்லாததை.

எனக்கும் கல்யாணசுந்தரத்துக்கும் நைட் டூட்டி. பகலில் தூங்கிக்கொண்டிருந்தோம். பதினோரு மணிக்கு என்னை உலுக்கி எழுப்பியதே அவன்தான். புகை. மொட்டை மாடிக்குப் போயிரலாம் என்று முன்னால் ஓடினான். நான் போனைத் தேடிக்கொண்டு நின்றேன். போன்! நான் படிக்கட்டுக்கு வந்தபோது மேலேயிருந்து அவன் குரல். "பூட்டிக் கெடக்குடா உடையா, மேல வராத, கீழ எறங்கு!"

இறங்கினேன். அவனும் பின்னாலேயே வருவான் என்று நினைத்தேன். நினைத்தேனா? இல்ல, நினைக்கல. எதையும் நினைக்கல. காலு எறங்குச்சு, எறங்கிட்டேன். மேல அவன் கதவ இடிக்கிற சத்தம் கேட்டுச்சு. ஒவ்வொரு மாடியாக் கேட்டுச்சு. கீழ் மாடிகிட்ட வந்தப்ப நின்னுபோச்சு. நான் நிக்கல.

விஜியிடம் தூக்கத்தில் போனான் என்று சொல்லிவிட்டேன். அதற்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான். அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மேடம் டீ கப்பைக் கசக்கிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். "அவர் கடைசியாப் பேசினது உங்ககிட்ட. அத நீங்களே வெச்சிருக்கீங்க அண்ணா. அவங்க வைஃபுக்குத் தரவே இல்ல."

எழுந்து நேராக ரிசப்ஷனுக்குப் போனார். பூட்டை எடுக்கும்வரை அந்த மேஜையைவிட்டு நகரவில்லை. மேனேஜர் வந்தான். கைகட்டி நின்றுகொண்டே இருந்தார். முக்கால் மணி நேரம். கடைசியில் ஒருவன் சாவியோடு மாடிக்குப் போய் எடுத்துவிட்டு வந்தான். நான் கூடப் போய்ப் பார்த்தேன். கதவு திறந்து மூடியது.

17 ஏப்ரல், வியாழன்.

காலையில் பார்த்தால் அதே கதவில் புதுப் பூட்டு. இது சைக்கிள் பூட்டு இல்லை. சங்கிலி.

18 ஏப்ரல், வெள்ளி.

மேடம் ஃபேக்டரி ஆட்களிடம் பேசி, அவர்கள் தொழிலாளர் தங்கும் இடத்தில் தரைத்தளத்தில் இரண்டு அறை வாங்கிவிட்டார். ஓட்டலைவிட்டுக் கிளம்பும்போது அந்த அம்மா துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு எதிரில் வந்தாள். என் விரலில் சுற்றியிருந்த கட்டைப் பார்த்தாள். இடுப்புச் சாவியைத் தொட்டுக் காட்டி, தலையை ஆட்டி, ஏதோ சொன்னாள். தன்னிடம் சாவி இருக்கிறது, பயப்படாதே என்றாளா? தன் கையில் எதுவும் இல்லை என்றாளா?

கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஆறாவது மாடியில் இன்று புதிதாக யாராவது தங்கியிருப்பார்கள்.

22 ஏப்ரல், செவ்வாய். முசஃபா.

வந்து சேர்ந்தேன். 44 டிகிரி. இன்று மத்தியானமே டூட்டி.

27 ஏப்ரல், ஞாயிறு.

லீவு. காலையிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு ரூமுக்கும் வாசலுக்கும் நடந்தேன். பத்து மணிக்கு விஜிக்குப் போட்டேன். நானாகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. அதனால் எடுத்ததுமே, "என்னண்ணே, என்னாச்சு?" என்றது.

சொல்லிவிட்டேன். என்னை எழுப்பியது, ஓடியது, நான் போனைத் தேடியது, அவன் மேலேயிருந்து சொன்னது, நான் இறங்கியது, இடிக்கிற சத்தம். எதையும் விடவில்லை. நகத்தைப் பற்றியும். சீனா போய் என் நகம் பிய்ந்ததைப் பற்றியும்.

அழும் என்று நினைத்தேன். திட்டும் என்று நினைத்தேன். லைனில் இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டேன்.

"அத்தன நாளும் நான் கேட்டேன்ல," என்றது. "ஒவ்வொரு மாசமும் கேட்டேன்ல அண்ணே."

வைத்துவிட்டது.

28 ஏப்ரல்.

போன் வரவில்லை.

11 மே, ஞாயிறு.

நான் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. இன்னொரு தடவை போடலாமா? வேண்டாம். எடுக்காமல் இருக்க அதற்கு உரிமை இருக்கிறது.

நேற்று சம்யுக்தா மேடம் சைட்டில் பார்த்துக் கேட்டார், பேசினீங்களா என்று. பேசினேன், அது பேசுவதை நிறுத்திவிட்டது என்றேன். தப்பு செய்துவிட்டோமோ என்று மேடம் முகம் வாடியது. இல்லை மேடம், ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டியது என்றேன். அப்படிச் சொல்லும்போது உண்மையாகத்தான் தோன்றியது. ரூமுக்கு வந்ததும் தோன்றவில்லை.

25 மே, ஞாயிறு.

விஜியின் மாதப் போன் வர வேண்டிய நாள் தாண்டிவிட்டது. நேற்று சில்லர் ரூமில் ஒரு கம்ப்ரசர் டொக் டொக் என்று இடித்தது. பேரிங் தேய்மானம். கழற்ற வேண்டும், கை போகவில்லை. நிறுத்திவிட்டு வெளியே வெயிலில் போய் நின்றேன். அப்புறம் உள்ளே போய்க் கழற்றினேன்.

அவனும் இறங்கியிருக்கலாமே. எனக்குச் சொன்னதைத் தானே கேட்டிருக்கலாமே. என்னைக் கூப்பிட நேரம் இருந்ததே.

8 ஜூன், ஞாயிறு.

மத்தியானம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். விஜி போன். சோப்புக் கையோடு எடுத்தேன்.

நலம் விசாரிக்கவில்லை. நேராகக் கேட்டது. "அண்ணே, அவரு அதச் சத்தமாச் சொன்னாரா, மெதுவாவா?"

சத்தமா என்றேன்.

"பயந்துபோயா?"

நன்றாக நினைத்துப் பார்த்தேன். அந்தக் குரலை ஒன்பது மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஆனால் அது எப்படிப்பட்ட குரல் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

"இல்ல விஜி. சைட்ல ஏணி மேல நின்னு வேல பாக்கிறப்ப, கீழ எவனாவது குறுக்க வந்தா ஓர் அதட்டு அதட்டுவான். அந்தக் குரல்தான். கோவமா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். சிரிப்பா அழுகையா தெரியவில்லை. "ஆமா, வீட்லயும் அப்படித்தான். பாப்பா மாடிப்படி கைப்பிடியில ஏறுனா அப்படித்தான் ஒரு சத்தம் போடுவாரு," என்றது. பிறகு, பாப்பாவிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னது. உங்கப்பா ஒரு ஆளைக் கீழே அனுப்பிவிட்டுத்தான் போனார் என்று. எந்த ஆளை என்று பாப்பா கேட்டதாம். என் பெயரைச் சொன்னதாம்.

தண்ணீர்க் குழாயை நிறுத்த மறந்து வாளி வழிந்துகொண்டிருந்தது.

என் மேல் கோபம் போய்விட்டது என்று அது சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வைப்பதற்கு முன்னால், "சாப்பிட்டீங்களாண்ணே?" என்றது.

சாப்பிட்டேன் என்று வாய்வரை வந்தது.

"இன்னும் இல்ல விஜி," என்றேன்.