மங்களம் பாடாமல் போன ஐயாவுக்கு

என் காதைவிட்டுப் போகாத ஐயாவுக்கு,

இல்லை. இன்னும் ஒருவரும் நம்பவில்லை.

நீங்கள் முதலில் கேட்கக்கூடியது அதுதான். விடிந்து வீட்டுக்கு வந்து, தேங்காயெண்ணெய் தொட்டு முகத்து அரிதாரத்தைத் துடைக்கும்போது வேறென்ன கேட்டிருக்கிறீர்கள்? "நான் செத்ததைச் சனம் நம்பினதோ, பிள்ளை?" நான் "ஓம், ஐயா" என்ற பிறகுதான் தேத்தண்ணியைக் கையில் எடுப்பீர்கள்.

மேடையில் நீங்கள் செத்த சாவெல்லாம் நம்பினார்கள். பாம்பு கடித்து நீங்கள் விழுந்த அன்று, முன்னால் பாயில் இருந்த ஒரு மனுசி தன் சேலைத் தலைப்பைக் கிழித்துக்கொண்டு உங்கள் காலுக்குக் கட்டுப்போட மேடையேறினாள். கண்ணைத் திறக்காமலே "கொஞ்சம் பொறணை, இன்னும் ஒரு பாட்டுக் கிடக்கு" என்று முணுமுணுத்தீர்களாம்.

இந்த ஒரு சாவைத்தான் நம்பமாட்டோம் என்கிறார்கள்.

உங்களுக்குத் தெரியாதது தொடங்கும் இடத்திலிருந்து சொல்கிறேன். வாடைக்காற்றோடு கப்பல் இரங்கூனிலிருந்து திரும்பியது. அரிசி வந்தது. உங்கள் தகரப் பெட்டி வந்தது. நீங்கள் வரவில்லை. தண்டயல், அதுதான் கப்பலை ஓட்டிவந்தவர், பெட்டியைப் பெரியப்பாவின் கையில் கொடுத்து, "காய்ச்சல். நடுக்கடலிலை மோசம் போயிட்டார். கடலிலைதான் விட்டனாங்கள்" என்றாராம். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. பெரியப்பா கேட்டதற்குப் பதில் தராமல், மாலுமிகளையும் ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினத்துக்குப் பாய் இழுத்துவிட்டார்.

உடல் இல்லை. சாம்பல் இல்லை. கண்டவர்கள் கரையில் இல்லை. சனம் எப்படி நம்பும்?

பெரியப்பா நம்பினார். தர்ப்பையில் உருவம் செய்து எரித்து, கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியையும் முடிப்பதென்று ஐயரோடு கதைத்தும் விட்டார். அன்று காலை எங்கள் வாசல் படலையடியில் சனம். சண்டிலிப்பாயிலிருந்து வண்டில் கட்டி வந்தவர்கள். வல்வெட்டித்துறையிலிருந்து நடந்து வந்தவர்கள். எல்லோருக்கும் முன்னால் கந்தையா அண்ணை. உங்கள் நாடகம் எங்கே நடந்தாலும் புகையிலைத் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டு வந்து முதல் பாயை விரிப்பாரே, அவர்தான்.

"ஐயரைத் திருப்பி அனுப்புங்கோ," என்றார். "உயிரோடை இருக்கிறவருக்குக் கிரியை செய்யப்படாது."

"உங்களுக்கென்ன விசரோ?" பெரியப்பா சத்தம் போட்டார். "செத்தது என்ரை தம்பி. கண்டறியாத கூட்டம் வந்து படலையை மறிக்குது!"

"உங்களுக்குத் தம்பிதான், ஆர் இல்லையெண்டது? எங்களுக்கு நாடக அண்ணாவியார். நான் பார்க்க மட்டும் எத்தினை தரம் செத்தவர்! வாள்வெட்டிலை செத்தார். நஞ்சு குடிச்சுச் செத்தார். போன வருசம் யானை மிதிச்சும் செத்தார். ஒருநாளாவது எழும்பிவந்து மங்களம் பாடாமல் விட்டவரோ?"

"அது நாடகமடா!"

"அந்த நாடகம் இன்னும் முடியேல்லை எண்டுதான் நாங்களும் சொல்லுறம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பகிடிதான் என்று நினைத்து முகங்களைப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. என் சிரிப்பும் நின்றுவிட்டது. ஐயர் கிரியை செய்யாமலே திரும்பிப் போனார்.

நீங்கள் புறப்பட்ட விடியலைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வல்வெட்டித்துறையில் நாடகம். கிழக்கு வெளுக்கிறது. ராசா செத்துக் கிடக்கிறார். சோழகக் காற்றுச் சரியாக எடுத்துவிட்டது, உடனே வரட்டாம் என்று, இரங்கூனில் பாட உங்களை ஏற்றிப்போகும் கப்பலிலிருந்து ஆள் வந்தது. ராசா எழும்பினார். அரிதாரம் கலைக்கவில்லை. மங்களத்துக்காக எழுந்து நின்ற சனத்தைப் பார்த்து, "இருங்கோ, வந்து பாடுறன்" என்றுவிட்டுக் கடற்கரைக்கு ஓடினார்.

இருங்கோ. வந்து பாடுறன்.

நீங்கள் அதை ஒரு பேச்சுக்குத்தான் சொன்னீர்களா? அவர்கள் இருக்கிறார்கள், ஐயா.

மற்றக் குழுக்கள் சுவாமிக்கு மங்களம் பாடி முடிப்பார்கள். நீங்கள் சுவாமிக்குப் பாடிவிட்டு ஊருக்கும் பாடுவீர்கள். ஊரின் பெயர் சொல்லி மங்களம். பெற்றோமாக்ஸ் விளக்குக்கு மங்களம். மத்தளக்காரரின் விரலுக்கு மங்களம். பாயில் நித்திரையாகிப்போன குஞ்சு குருமானுக்கு மங்களம். ஒவ்வோர் ஊரிலும் வேறு வேறு. அந்தந்த இடத்தில் கண்ணில் பட்டதெல்லாம் பாட்டுக்குள் வரும். தங்கள் ஊரின் பெயரைக் கேட்காமல் ஒருவரும் பாயைச் சுருட்டமாட்டார்கள்.

நீங்கள் போன நாளிலிருந்து இந்தக் கரையில் எந்த நாடகத்துக்கும் மங்களம் இல்லை. யாரும் கட்டளை போடவில்லை. கடைசிக் காட்சி முடிந்ததும் மத்தளக்காரர் கையை எடுத்துவிடுவார். சனம் எழும்பும். கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். பிறகு பேசாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு போகும். கல்லூரி விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து வந்தபோது அந்த நாடக வெளியில் நானும் நின்றேன். அத்தனை சனமும் ஒரு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. உங்கள் குரலின் பருமன் எவ்வளவு என்று அந்த அமைதியில்தான் கண்டேன்.

கல்லூரியில் படித்ததில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. மூடநம்பிக்கை. அந்தச் சொல்லை அந்த வெளியில் வைத்துப் பார்த்தேன். சின்னதாய்க் கிடந்தது.

சாட்சிகளும் பெருகின. இரங்கூனில் தேத்தண்ணிக் கடையில் உங்களைக் கண்டதாக ஒருவர். "தாடி விட்டிருக்கிறார். அந்த மூக்கை ஒளிக்க ஏலுமோ?" காங்கேசன்துறைக் கடையில் உங்கள் இசைத்தட்டைப் போட்டபோது, கிராமபோன் குழலுக்குள் தலையை விடாத குறையாகக் கேட்டுவிட்டு இன்னொருவர் சொன்னார்: "மூச்சு எடுக்கிறது கேக்குதடாப்பா. செத்தவன் மூச்சு எடுப்பானோ?" கடையே தலையாட்டியது. நானும் குனிந்து கேட்டேன். சரணத்துக்கு முன்னால் நீங்கள் மூச்செடுப்பது உண்மையாகவே கேட்கிறது.

கொழும்பு ரயில் வரும் நேரம் ஸ்டேஷனில் போய் நிற்பவர்கள் இருக்கிறார்கள். ஒருநாள் நானும் நின்றேன். கப்பலில் போனவர் ரயிலில் ஏன் வருவார் என்று கேட்காதீர்கள்.

அம்மா?

காலையில் கிணற்றடியில் முழுகிவிட்டு வந்து, கண்ணாடிக்கு முன்னால் குங்குமச் சிமிழைத் திறக்கிறார். விரல் தொடுகிறது. நிற்கிறது. பிறகு வைக்கிறது. ஒவ்வொரு நாளும் அந்த இடைவெளி கூடிக்கொண்டு போகிறது.

பெரியம்மா வேலிக்கு அப்பால் நின்று, எங்களுக்குக் கேட்கும்படி, "இன்னும் என்ன பொட்டு வேண்டிக்கிடக்கு?" என்கிறார். படலையில் வந்து நிற்கும் பெண்கள் கும்பிடுகிறார்கள். "பொட்டை அழிச்சுப்போடாதேங்கோ, அக்கா. நீங்கள் அழிச்சால் அவராலை வர ஏலாமல் போயிடும்." இரண்டு பக்கமும் அம்மாவின் நெற்றியைப் பார்க்கிறது. அம்மாவை ஒருவரும் பார்ப்பதில்லை.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "அவையின்ரை கதை எனக்கு வேண்டாம். உங்கடை அண்ணரின்ரை கதையும் வேண்டாம்" என்று உங்கள் படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ படிச்சனி. இருக்கிறாரோ இல்லையோ, ஒரு சொல்லுச் சொல்லு. நீ சொன்னால் நம்புவன்."

சொல்லவேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். ஆனால், மத்தளம் நின்ற வெளியில் நின்றவர்களைக் கண்ட பிறகு, கிராமபோனில் அந்த மூச்சைக் கேட்ட பிறகு, 'இல்லை' என்ற சொல்லை எங்கிருந்து எடுப்பது?

"நாளைக்குச் சொல்லுறன், அம்மா," என்றேன். நாளைகள் போய்க்கொண்டிருந்தன.

இன்று காலை தண்டயல் வந்தார்.

படலைக்கு உள்ளே வரவில்லை. நான்தான் வெளியே போனேன். அம்மா குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார். தண்டயல் மெலிந்திருந்தார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தார்.

"அண்ணை, அண்டைக்கு ஏன் ஒண்டும் சொல்லாமல் போனீங்கள்?" என்றேன். "சனம் உங்களைப் பொய்யன் எண்டு கதைக்குது."

"கதைக்கட்டும், பிள்ளை. உள்ளதைச் சொன்னால் அதைவிடக் கூடாத கதை கதைப்பினம்." சுற்றிப் பார்த்தார். "காத்து விழுந்துபோச்சு. கடல் எண்ணெய் மாதிரி. நாள்க்கணக்காய் ஓர் அசைவில்லை. உன்ரை ஐயா காய்ச்சலோடை பாய்மரத்திலை சாஞ்சுகொண்டு இருந்தவர். திடீரெண்டு எழும்பினார். விடிஞ்சுபோச்சு, சனம் எழும்பி நிக்குது எண்டார். அப்ப உச்சி வெய்யில், பிள்ளை. பாடத் துவங்கியிட்டார்."

"என்ன பாட்டு?"

தலைப்பாகையை இன்னும் இறுக்கிச் சுருட்டினார்.

"மங்களம்."

குசினிக்குக் கேட்கக்கூடாதென்று படலையைச் சாத்தினேன்.

"கரை காணுறதுக்கு முந்திக் கப்பலிலை மங்களம் பாடப்படாது. பயணம் சரி, இனி நீ எடு எண்டு கடலுக்குச் சொன்ன மாதிரி. பெடியள் நடுங்கிப்போனாங்கள். ஒருத்தன் அவரின்ரை வாயைப் பொத்துங்கோ எண்டு என்னைப் பிடிச்சு உலுப்புறான். நான் எல்லோ தண்டயல், நான் எல்லோ பொத்தியிருக்க வேணும்? என்னாலை ஏலேல்லை. வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டு நிண்டன். இது வெளியிலை தெரிஞ்சால் ஆர் என்ரை கப்பலிலை ஏறுவான்?"

ஒரு சந்தேகம் வந்தது. நீங்கள் வளர்த்த பிள்ளை அல்லவா, வராமல் இருக்குமா? ஊர் முழுக்க மங்களம், மங்களம் என்றே கதைக்கிறது. எங்களை ஆற்றுவதற்கு இவர் கட்டிக்கொண்டு வந்த கதையாக இருந்தால்?

"எந்த ஊருக்குப் பாடினவர்?" என்று கேட்டேன்.

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. அங்கை ஊர் ஏது? சுத்திச் சுத்திப் பார்த்தார். பிறகு, தண்ணிக்கு மங்களம் எண்டார். விழுந்து கிடக்கிற காத்துக்கு மங்களம். பாய் தைச்ச ஊசிக்கு மங்களம். வாயைப் பொத்தச் சொன்னானே, அவனுக்கும் ஒரு மங்களம். பிறகு இருந்தார். அதோடை சரி."

தண்ணிக்கு மங்களம்.

இதை யார் கட்டமுடியும், ஐயா? கரையில் உங்கள் மங்களத்தை ஒருநாளும் கேட்டிராத ஒரு கப்பல்காரர் இதை எங்கிருந்து கட்டுவார்? நீங்கள் சுற்றிப் பார்த்தது எனக்குத் தெரிகிறது. ஊர் இல்லை. விளக்கு இல்லை. மத்தளம் இல்லை. முன்னால் ஒரு பாயும் விரிந்திருக்கவில்லை. கப்பலின் பாய்கூடத் தொங்கிக் கிடந்தது. அத்தனை பெரிய வெளி உங்களுக்கு அதற்குமுன் வாய்த்ததில்லை. அதற்குள் கண்ணில் பட்டதை ஒவ்வொன்றாக எடுத்தீர்கள்.

"காத்து எப்ப வந்தது, அண்ணை?"

தண்டயல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவர் கண்ணை மூடின கையோடை."

அதை நான் என்ன செய்வது? காற்று எப்போதாவது வரத்தானே வேண்டும். வந்தது. பாய் விரிந்தது. இதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததற்கு முன்னால் நிற்கிறேன், வேறொன்றும் செய்யத் தோன்றவில்லை.

"நான் இதைச் சொல்லட்டோ? எல்லாருக்கும்?" என்று கேட்டேன்.

"சொல்லு, பிள்ளை. கப்பலை வித்துப்போட்டன். எனக்கும் இனி அந்தப் பாட்டைத் தனிய வைச்சிருக்க ஏலாது." தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

கந்தையா அண்ணை என்ன சொல்வார் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆதாரம் கேட்பார். 'தண்ணிக்கு மங்களம்' என்ற அந்த ஓர் அடியைச் சொல்வேன். அவருக்குப் போதும். என்னைவிட அவருக்குத்தான் உங்கள் மங்களம் நன்றாகத் தெரியும். நாடகம் முடிந்தது என்று அவர் விளங்கிக்கொள்வார். அவர் பாயைச் சுருட்டினால் மற்றவர்களும் சுருட்டுவார்கள்.

அதற்கு முன்னால் அம்மாவுக்குச் சொல்லவேண்டும். நாளைக்கு என்று இனிச் சொல்லமாட்டேன்.

ஒரு வாக்குத் தருகிறேன், ஐயா. இந்தக் கடிதத்தை ஊருக்கும் வாசிக்கக் கொடுப்பேன். உங்களுக்காக இருப்பவர்கள் இனி எழும்பிப் போகலாம் என்று யாராவது சொல்லத்தானே வேண்டும். அம்மாவின் பொட்டு அம்மாவின் கையில். வைப்பதும் எடுப்பதும் அவர் பாடு. படலையிலிருந்தோ வேலிக்கு அப்பாலிருந்தோ வேறொரு கை அந்த நெற்றிக்கு வர நான் விடமாட்டேன்.

சனம் நம்பினதோ என்று கேட்டீர்களே. நான் நம்பிவிட்டேன்.

உங்கள் மங்களத்தைக் கேட்டு முடித்த
மூத்த மகள்

இவ்வளவும் எழுதிவிட்டுக் குசினிக்குப் போனேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் குந்தியிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கை தண்ணீருக்குள்ளேயே நின்றது.

"முழுக்கப் பாடினவரோ?" என்று கேட்டார்.

"ஓம், அம்மா."

மிச்ச அரிசியை நான் களைந்து உலையில் போட்டேன்.