இரண்டு பட்டியலிலும் இல்லாதவள்

அட்டுவம்பட்டி
6-11-1957

கர்த்தருக்குள் பிரியமான சவரிமுத்து உபதேசியார் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். பள்ளி விடுதியில் ஒரே தட்டில் சாப்பிட்ட நாம் கடிதம் எழுதி மூன்று வருடமாகிறது. இப்போதும் குறை சொல்லத்தான் எழுதுகிறேன். வடகவுஞ்சி பாப்பம்மாள் பிறப்பில் உங்கள் கத்தோலிக்க சபை. ஆனால் எங்கள் சபைப் பையனைக் கட்டி எங்களோடு இருந்தவள். புருஷன் போன பிறகு நான்கு மாதமாக ஆராதனைக்கு வரவில்லை. உங்கள் கோவிலுக்கு உதவியாக வரும் பால்பவுடரும் கோதுமையும் காட்டி நீங்கள் இழுத்துக்கொண்டதாகப் பேச்சு. ஒரு விதவையை வைத்து இப்படி ஆள் சேர்க்கலாமா?

இப்படிக்கு,
வேதமுத்து உபதேசியார்


சேசு மரி சூசை

பெருமாள்மலை
9-11-1957

அன்புள்ள வேதமுத்து அவர்களுக்கு,

தோத்திரம். உங்கள் கடிதம் சுருக்கென்று தைத்தது. பாப்பம்மாளுக்கு நான் ஒரு பிடி கோதுமைகூடக் கொடுக்கவில்லை. ஆடி மாதம் வந்து கேட்டாள். "நீ அவங்க கோவில்ல கல்யாணம் முடிச்சவ. அங்க போய்க் கேளு தாயி" என்று நானே திருப்பி அனுப்பினேன். நீங்கள் கொடுப்பீர்கள் என்றல்லவா இருந்துவிட்டேன்! உங்களிடமும் வரவில்லையென்றால் எதைத் தின்கிறாள்? திருவிழாச் சோலியில் என்னால் நகர முடியவில்லை. வெரசாகப் போய்ப் பாருங்கள்.

சவரிமுத்து


வடகவுஞ்சி
12-11-1957

சவரி,

அவளால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. பூண்டு போடும் பொன்னுவேலின் மனைவி சிவபாக்கியம்தான் தினம் ஒரு வேளை கஞ்சி ஊற்றியிருக்கிறாள். நெற்றி நிறையத் திருநீறோடு நின்று, "ரெண்டு கோவிலு ஆளுங்க இருக்கீங்க. ஒருத்தர்கூடவா எட்டிப் பாக்க மாட்டீங்க?" என்று கேட்டாள். நீ கொடுக்கிறாய் என்று நம்பி, எங்கள் உதவிப் பட்டியலில் அவள் பெயரை அடித்தவன் நான். உனக்கு அப்படி எழுதியதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு மூன்று நாள்தான் என்கிறார் கம்பவுண்டர். பாப்பம்மாளுக்கு நம்மேல் கோபமில்லை. "ரெண்டு பேரும் சேந்து எனக்கு ஒரு ஜெபம் சொல்லுங்க. எந்தக் கோவிலுக்காரின்னு தெரியாமப் போகப் பயமாக் கெடக்கு" என்கிறாள்.

எங்களோடு சேர்ந்து ஜெபிக்க உங்களுக்கு அனுமதியில்லை. தெரிந்தால் உன் வேலை போகும். நான்கு பிள்ளைகள் உனக்கு. வா என்று சொல்ல வாய் வரவில்லை, சொல்லாமலிருக்கவும் முடியவில்லை. பொன்னுவேல் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வேதம்


பெருமாள்மலை
20-11-1957

அன்பு வேதம்,

அடக்கம் முடிந்து வந்ததும் நாம் சேர்ந்து ஜெபித்ததைப் பங்குச்சாமியாரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். உபதேசியார் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அவருக்கும் வருத்தம்தான். இப்போது பூண்டுக் காட்டுக்குக் கூலிக்குப் போகிறேன். வீட்டில் இரண்டு நாள் பேசவில்லை, இன்று பேசினாள். நீ மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே.

அடுக்கம் ஊரிலும் பாப்பம்மாள் போல ஒருத்தி இருப்பதாகக் கேள்வி. சனிக்கிழமை வெள்ளனே போகிறேன். நீயும் வா.

இன்னொன்று. அன்று பாப்பம்மாள் பக்கத்தில் சேர்ந்து சொன்ன பரமண்டல ஜெபத்தில் உங்கள் வழக்கப்படி கடைசியில் ஒரு வரி கூடுதல். எங்களுக்கு அது கிடையாது. உனக்காக அந்த வரியை வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தேன். நீயோ எனக்காக அதற்கு முன்பே நிறுத்திவிட்டாய். உங்கள் வரியை நான் மட்டும் தட்டுத் தடுமாறிச் சொன்னேன்.

அப்போது பாப்பம்மாள் சிரித்தாள், வேதம். நீ கண்ணை மூடியிருந்தாய். பார்த்திருக்க மாட்டாய்.

உன்
சவரி