லேசாக வருகிற காற்று

12.3.2006, ஞாயிறு

காலையில் சின்ன வயதுக் கூட்டாளி செல்வம் வாடகைக் காரில் வந்து இறங்கினான். பாண்டிச்சேரியில் வெளிநாட்டுக்காரர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்க் காட்டும் வேலை அவனுக்கு. என் மனைவி அவனுக்கு மட்டும் டம்ளர் வழிய டீ கொடுத்தாள்.

சொந்தமாக ரெகுலேட்டர் வாங்கப்போகிறானாம். தண்ணீருக்கடியில் சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவருகிற கருவி. பார்த்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள்வதாகக் கடையில் சொல்லி இரண்டு வாங்கி, சிலிண்டரோடு எடுத்துவந்திருந்தான். ஒன்று நீலம், ஒன்று கறுப்பு.

"கெணத்துல மூச்சடக்குனா எப்பவும் நீதானடா ஜெயிப்ப. எதுல லேசா வருதுன்னு நீயே சொல்லு."

ஒவ்வொன்றாக வாயில் கவ்வி இழுத்தேன். இரண்டிலும் முக்கித்தான் இழுக்க வேண்டியிருந்தது.

"ரெண்டுமே வேஸ்ட்டுடா. உன்ன நல்லா ஏமாத்திட்டானுங்க" என்றேன். சொல்லும்போது உள்ளுக்குள் இனித்தது.

அவன் வாங்கி இழுத்துப் பார்த்தான். "நல்லாத்தானடா இருக்குது. நீலம் இன்னும் லேசு."

பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். என் ஒன்பது வயது மகள் ஓடிவந்து நீலத்தைப் பிடுங்கி இழுத்தாள்.

"காத்து தானா வருதுப்பா!"

செல்வம் சிரிக்கவில்லை. "செராமிக் கம்பெனியில கல்லுமாவு அரைக்கிற எடத்துலதான் இன்னமும் இருக்கியா?" என்று மெதுவாகக் கேட்டான். பதினோரு வருஷம் என்றேன். அவன் பார்வை என் நெஞ்சுக்கூட்டுக்கு இறங்கியது. நீலத்தைத் தனியாகத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டான்.

அவன் வந்து இறங்கும் கார், கடல், சம்பளம் எல்லாவற்றின் மேலும் வயிறெரிந்து எனக்குப் பழக்கம்தான். இப்போது பக்கத்தில் மகள் தூங்குகிறாள். எவ்வளவு லேசாக மூச்சு விடுகிறாள். அவள் மேல்கூடப் பொறாமையாக இருக்கிறது.